விமானம் வாங்கினால் எஞ்சின் பராமரிப்புப் பயிற்சிக்கும் போகணுமா?

கப்பலூர் 172:

வணக்கம். மதுரை, திருமங்கலம் பக்கம் மூன்று பேர் சேர்ந்து பழைய செஸ்னா 172பி (172P) விமானம் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறோம். மூவரிடமும் பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) இருக்கிறது. எஞ்சின் லைகமிங் ஓ-320-டி2ஜே, 160 குதிரைத்திறன், கார்புரேட்டர் வகை. லாக்புக்படி, எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பித்த ஓவர்ஹாலுக்குப் பிறகு 900 மணி ஓடியிருக்கிறது. ஆனால் ஓவர்ஹால் நடந்து 13 வருஷம் ஆகிவிட்டது. கடைசி 18 மாதத்தில் பறந்தது 22 மணிதான். நிற்பது கடலோர ஊர் ஒன்றின் ஹாங்கரில்.

எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். "காசு கொடுத்து ஏஎம்இ (உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்) வைக்கிறோம், கார் வாங்குறவன் மெக்கானிக் வேலை படிச்சிட்டா வாங்குறான்?" என்கிறார் ஒருவர். எஞ்சின் கோர்ஸ் போய்வந்தால் ஆயில் மாற்றுவது, பிளக் கழுவுவது எல்லாம் நாமே பார்த்துக்கலாம், செலவு மிச்சம் என்கிறார் இன்னொருவர். உரிமையாளருக்கு இந்தப் பயிற்சி தேவையா? போனால் எதைக் கற்றுக்கொண்டு வரவேண்டும்? அந்தச் சான்றிதழை வைத்து வேலைக்குக் கையெழுத்துப் போடலாமா?

ஏஎம்இ பி1.2:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். போட முடியாது. வி.டி. பதிவுள்ள, அதாவது இந்தியாவில் பதிவான, விமானத்தில் பராமரிப்பு வேலை முடிந்ததும் சிஆர்எஸ்ஸில் (விமானத்தைப் பறக்க விடுவிக்கும் சான்று) கையெழுத்துப் போட வேண்டியவர் அதற்கான உரிமம் உள்ளவர். பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு அது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் உரிம விதி சிஏஆர்-66இல் பி1.2 பிரிவு. நான்கு நாள், ஐந்து நாள் கோர்ஸ் சான்றிதழ் எவ்வளவு பெரிய கம்பெனி கொடுத்தாலும் அந்த உரிமத்துக்கு ஈடாகாது. இணையத்தில் உரிமையாளரே ஆயில் மாற்றி, பிளக் மாற்றி, லாக்புக்கில் எழுதும் வீடியோக்கள் நிறைய உண்டு. அவை அமெரிக்கப் பதிவு விமானங்கள். அங்கே அந்நாட்டு விமான விதியான எஃப்ஏஆர் பகுதி 43இன் பின்னிணைப்பு ஏ, பைலட்டான உரிமையாளர் செய்யக்கூடிய தடுப்புப் பராமரிப்பு வேலைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அந்தப் பட்டியல் இங்கே செல்லாது. நீங்கள் எதைத் தொடலாம் என்பதை உங்கள் விமானத்துக்கு ஒப்புதல் பெற்ற பராமரிப்புத் திட்டத்தில் பாருங்கள். அதிலும் சந்தேகம் இருந்தால் டிஜிசிஏ சென்னை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அப்படியென்றால் பயிற்சி எதற்கு? தீர்மானம் எடுக்கத்தான். விமானம் பறக்கத் தகுதியோடு இருக்கிறதா என்ற பொறுப்பு உரிமையாளரையும் சேர்ந்தது. "மூணாம் நம்பர் சிலிண்டரைக் கழற்றணும்" என்று ஹாங்கரிலிருந்து போன் வரும்போது, ஏன் என்று கேட்கவும் வருகிற பதிலை எடைபோடவும் தெரிய வேண்டும். செலவு மிச்சமாகிற இடமும் அதுதான். ஆயில் மாற்றும் கூலியில் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

உங்கள் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 900 மணி என்பதைப் பார்த்து யாரும் மயங்கக் கூடாது. இந்த மாடலுக்கு லைகமிங் சொல்வது 2,000 மணி அல்லது 12 வருஷம், எது முதலில் வருகிறதோ அது. வருஷக் கணக்கு உங்களுக்குத் தாண்டிவிட்டது. அதைவிடப் பெரிய கவலை அந்த 22 மணி. லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றால் ஆயில் வடிந்து கீழே போய்விடும், கேம் லோப் (அந்தத் தண்டின் மேடு) காய்ந்து நிற்கும். கடல் காற்றும் ஈரமும் சேர்ந்தால் லோபிலும், லோப் தள்ளும் டாப்பெட்டின் முகத்திலும் துருப்புள்ளி விழும். மறுபடி ஓட்டும்போது அந்தப் புள்ளிகள் அரமாக வேலை செய்யும். டி2ஜேயில் டாப்பெட் காளான் வடிவம். கிராங்க்கேஸைப் பிரிக்காமல் வெளியே எடுக்க வராது. ஆகவே கேம் போனால் பாதி ஓவர்ஹால் என்ற பேச்சே இல்லை, எஞ்சின் முழுதாக இறங்கியாக வேண்டும்.

"வாரம் ஒருமுறை தரையில் பத்து நிமிஷம் ஓட்டி வைத்தோம்" என்று விற்பவர் சொன்னால் அது நல்ல செய்தி இல்லை. பத்து நிமிஷத்தில் ஆயில் சூடேறாது. எரிபொருள் எரிவதில் உண்டாகும் நீராவி கேஸுக்குள் இறங்கித் தங்கிவிடும். அந்த நீர் வெளியேற ஆயில் ஏறக்குறைய 82 டிகிரி செல்சியஸுக்கு வந்து, வானத்தில் ஒரு மணி நேரமாவது பறக்க வேண்டும். அதேபோல நிற்கிற லைகமிங்கின் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவதும் தவறு. ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச ஆயில் படலத்தையும் அது வழித்துவிடும். பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவின் தரையிணைப்பு அறுந்திருந்தால், எஞ்சின் திடீரென்று பற்றிக்கொண்டு புரொப்பெல்லர் கையையே வாங்கிவிடும்.

கம்ப்ரெஷன் சோதனை நடக்கும்போது கூட நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது, பிஸ்டன் உச்சத்தில் நிற்க, 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சிலிண்டருக்குள் காற்று கொடுப்பார்கள். புரொப்பெல்லரை ஒருவர் இறுகப் பிடித்திருக்க வேண்டும், அந்த அழுத்தம் அதைச் சுழற்றிவிடும். இரண்டாவது கேஜ் என்ன காட்டுகிறது, அதாவது சிலிண்டர் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது என்பதுதான் கணக்கு. நான்கும் 70க்கு மேல், ஒன்றுக்கொன்று 5க்குள் இருந்தால் நிம்மதி. சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 முதல் 15 வரை வித்தியாசம் வந்தால் காரணம் தேட வேண்டும். 60க்குக் கீழே என்றால் சிலிண்டரைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் எண்ணைக் கேட்டவுடன் முடிவு எடுக்காதீர்கள், காது கொடுங்கள். புகைக்குழாயில் "ஸ்ஸ்" என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். வால்வு பக்கம் கேட்டால் போர்ஸ்கோப் (குழாய் கேமரா) விட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் நிறம் வட்டமாகச் சீராக இருந்தால் சரி. ஒரு பக்க ஓரத்தில் மட்டும் வேறு நிறமாகப் பிறை போலத் தெரிந்தால் அங்கே வெப்பம் கசிகிறது. ரிங் பக்கம் கசிவது ஒரு மணி நேரம் பறந்துவிட்டு மறுபடி அளந்தால் பல தடவை சரியாகியிருக்கும்.

லாக்புக்:

ஏஎம்இ சார் சொன்னது எல்லாம் சரி. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாறுபாடு. கோர்ஸுக்குப் போவதை முதல் வேலையாக வைக்காதீர்கள். முதலில் ஒரு வருடாந்திர ஆய்வு முழுக்க உங்கள் ஏஎம்இ பக்கத்தில் நின்று, அவர் கண் முன்னால் வேலை செய்யுங்கள். கவ்லிங் (எஞ்சின் மூடி) கழற்றுவது, துடைப்பது, வெளிச்சம் பிடிப்பது என எதுவானாலும் சரி. அதற்குப் பிறகு கோர்ஸுக்குப் போனால் அங்கே சொல்வது மண்டையில் ஏறும். இல்லாவிட்டால் படம் பார்த்துவிட்டு வந்த கதைதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அரைகுறையாகத் தெரிந்த கையில் விழும் தவறுகள் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் கேஸ்கெட் அடாப்டரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்காமல் புதியதை மேலே மாட்டினால் இரண்டு கேஸ்கெட். தரையில் ஓட்டும்போது கசியாது. பறக்கும்போது பிதுங்கி மொத்த ஆயிலும் கொட்டிவிடும். கழற்றிய ஃபில்டரைத் திருப்பி, கேஸ்கெட் அதிலேயே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு விநாடி வேலை.

அடுத்தது டார்க், அதாவது முறுக்கி இறுக்கும் அளவு. கையேட்டில் சில இடத்தில் இன்ச்-பவுண்ட், சில இடத்தில் ஃபுட்-பவுண்ட். இரண்டுக்கும் 12 மடங்கு வித்தியாசம். பிளக்குக்கு 35 ஃபுட்-பவுண்ட், அதாவது 420 இன்ச்-பவுண்ட், ஏறக்குறைய 47 நியூட்டன் மீட்டர். ஃபில்டருக்கு 16 முதல் 18 ஃபுட்-பவுண்ட். கப்பலூர் சிட்கோ பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களிடம் நல்ல டார்க் ரெஞ்ச் இருக்கும். ஆனால் அளவுத்திருத்தச் சான்று தேதி தாண்டியிருந்தால் அந்த ரெஞ்சை விமானத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

மூன்றாவது, சிலிண்டர் கழற்றுவது. சிலிண்டர் அடி நட்டுகளில் சில, கேஸ் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் நீள போல்ட்டுகளின் நட்டுகள். அவற்றைத் தளர்த்தினால் மெயின் பேரிங் மேலுள்ள பிடியும் தளரும். நட்டு உட்காரும் முகத்தில் பெயின்ட் படிந்திருந்தால் டார்க் காட்டும், பிடி இருக்காது. ஓடும்போது பெயின்ட் நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும். ஒரு சிலிண்டரைச் சரி செய்யப் போய் எஞ்சினையே இழப்பது இப்படித்தான். கோர்ஸில் இதைப் படித்த உரிமையாளர் "எல்லாத்தையும் ஒரேயடியா கழற்றிப் பார்த்துடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்க மாட்டார்.

தேனிக் காத்து:

அண்ணே, நான் மைக்ரோலைட் (ரொம்ப லேசான சின்ன விமானம்) பக்கம். அதுல வர்ற ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் வேற. அவங்க கண்டிப்பா போகணும், வாங்குறதுக்கு முன்னாடியே போகணும். கார் எஞ்சின் மாதிரி தெரியும், ஆனா கார் பழக்கமும் லைகமிங் பழக்கமும் ரெண்டுமே இதுல ஆகாது. ரோட்டாக்ஸ் பயிற்சி சர்வீஸ், லைன், ஹெவி, ஓவர்ஹால்னு படிப்படியா இருக்கு. உரிமையாளருக்கு முதல் ரெண்டு படி போதும். சான்றிதழ் ரெண்டு வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்கணும்.

ஒரு உதாரணம். லைகமிங் புரொப்பெல்லரைச் சும்மா சுத்தாதீங்கன்னு ஏஎம்இ அண்ணன் சொன்னாரு. ரோட்டாக்ஸ்ல ஆயில் அளவு பார்க்கணும்னாலே சுத்தித்தான் ஆகணும். இதுல ஆயில் தனி டாங்க்ல இருக்கு. கிராங்க்கேஸ் அடியில தேங்கின ஆயிலை, பிஸ்டன் தாண்டி வர்ற காற்றுதான் டாங்க்குக்குத் தள்ளும். இக்னிஷன் ஆஃப்னு உறுதி பண்ணிட்டு, ஓடுற திசையிலயே மெதுவா சுத்தணும். கம்ப்ரெஷன்ல கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சுத்தினா, டாங்க்ல "களக்"னு சத்தம் வரும். அதுக்கப்புறம் டிப்ஸ்டிக்கைப் பாருங்க. சுத்தாம பார்த்துட்டு "ஆயில் குறையுது"ன்னு ஊத்துறவங்கதான் அதிகம். பின்பக்கமா மட்டும் சுத்தவே கூடாது, ஹைட்ராலிக் டாப்பெட் பக்கம் காற்று இழுத்துக்கும்.

இப்ப நம்ம ஊர்ல பெரிய தலைவலி பெட்ரோல். ரோட்டாக்ஸ் ஒத்துக்கிறது 10 சதவீத எத்தனால் வரை. பெட்ரோல் பங்க்ல இப்ப வர்றது இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்தது. அதனால கேன்ல வாங்கினா சோதிச்சுட்டுத்தான் ஊத்தணும். 100 மில்லி அளவுக் குடுவையில 10 மில்லி தண்ணி ஊத்தி, கோட்டைக் குறிச்சுக்கோங்க. மேல 90 மில்லி பெட்ரோல். மூடி நல்லாக் குலுக்கி பத்து நிமிஷம் வைங்க. எத்தனால் தண்ணியோட போய்ச் சேர்ந்துக்கும். அடியில தண்ணி 10ல அப்படியே நின்னா எத்தனால் இல்ல. 19 பக்கம் ஏறினா ஏறக்குறைய 10 சதவீதம். 27, 28 வரைக்கும் ஏறினா இ20, எஞ்சினுக்கு வேண்டாம். விமானப் பெட்ரோல் அவ்காஸ் 100எல்எல் ஊத்தலாம், ஆனா அதுல ஈயம் இருக்கு. கிளட்ச்சுலயும் ஆயில் டாங்க்லயும் சாம்பல் நிறத்துல களிம்பு மாதிரி படியும். அவ்காஸ்தான் பெரும்பாலும் ஓடுதுன்னா 100 மணிக்கு மாத்துற ஆயிலை 50 மணிக்கு மாத்தணும்.

கார்புரேட்டர் ரெண்டு இருக்கு, பிங் 64. ரெண்டும் ஒரே அளவு இழுக்கலைன்னா ஐடில்ல குலுங்கும். அந்தக் குலுக்கல் கியர்பாக்ஸைத் தின்னும். வேக்யூம் கேஜ் ரெண்டு மாட்டிச் சமன் பண்றதைக் கையால செஞ்சு பார்க்காம கோர்ஸை விட்டு வெளிய வராதீங்க. மிதவை இன்னொண்ணு. சில மிதவை பெட்ரோலைக் குடிச்சுக் கனக்கும், அப்புறம் பவுல்ல அளவு ஏறி வழியும். ஒரு பவுல் மிதவை ரெண்டும் சேர்ந்து 7 கிராமுக்கு மேல போகக் கூடாது. நகைக்கடைத் தராசுல வச்சா உடனே தெரிஞ்சிடும். ரப்பர் ஹோஸ் எல்லாம் 5 வருஷத்துக்கு ஒருக்கா மொத்தமா மாத்தணும், பார்க்க புதுசா இருந்தாலும் சரி.

ரோட்டாக்ஸோ லைகமிங்கோ, நம்ம பக்கத்துக்குன்னு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு கரிசல் புழுதி. திருமங்கலம், கல்லுப்பட்டி பக்கம் கோடையில இறங்கி ஏறினா ஏர் ஃபில்டரை 50 மணி வரைக்கும் விட்டு வைக்காதீங்க. ஃபில்டர் பெட்டி ஓரத்துல ரப்பர் பிய்ஞ்சிருந்தா புழுதி நேரா உள்ள போகும். ஆயில் பரிசோதனையில சிலிக்கான், இரும்பு ரெண்டும் சேர்ந்து ஏறினா அதுதான் காரணம். இன்னொண்ணு குளவி. ஒரு வாரம் சும்மா நின்னா போதும், வேகம் அளக்குற பிட்டாட் குழாய்லயும், டாங்க்குக்குக் காத்து போற வென்ட்டுலயும் மண்கூடு கட்டிடும். வென்ட் அடைச்சா பெட்ரோல் இறங்காது. தரையில நல்லா ஓடும், ஏறி கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டும். மூடி போட்டு வைங்க, எடுத்துட்டு உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க.

கப்பலூர் 172:

எல்லோருக்கும் நன்றி. லாக்புக் சார் சொன்ன வரிசையே சரியென்று படுகிறது. வருடாந்திர ஆய்வில் கூடவே நின்றுவிட்டு அதற்குப் பிறகு லைகமிங் கோர்ஸ். மாதாமாதம் நாங்களே கண்ணால் பார்க்கக்கூடியது, ஸ்பேனர் தொடாமல், என்னென்ன? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இந்த எஞ்சினில் என்ன கேட்க வேண்டும்?

ஏஎம்இ பி1.2:

கண்ணால் பார்ப்பதில் முதலிடம் பேஃபிள் ரப்பருக்கு. எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்தின் விளிம்பில் ரப்பர் பட்டை இருக்கும், கவ்லிங்கை ஒட்டி மூடுவதற்கு. அது மேலே முன்பக்கம் நோக்கி, காற்று அழுத்தம் இருக்கும் பக்கமாக வளைந்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் பின்னால் மடங்கினாலும் குளிர்விக்க வேண்டிய காற்று அந்த வழியாக ஓடிவிடும். மதுரை ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 460 அடி. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடிக்கும்போது எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 3,500 அடிக்கு மேல் உள்ள களம் போலத்தான். மெதுவாக ஏறும், சூடு கூடும். அந்த நாளில் மடங்கிய ரப்பர் சிலிண்டர் தலையை வேகவைக்கும்.

மேக்னெட்டோ சோதனையைச் சடங்காகச் செய்யாதீர்கள். 1,700 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொன்றாக அணைக்கும்போது ஆர்.பி.எம். வீழ்ச்சி 125க்கு மேல் போகக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50க்கு மேல் வித்தியாசம் கூடாது. மூன்று பேரும் ஒரே நோட்டில் எண்ணை எழுதிவையுங்கள். 60, 65 என்று போய்க்கொண்டிருந்தது 95 ஆனால், வரம்புக்குள் இருந்தாலும் காரணம் உண்டு. வீழ்ச்சியே இல்லையென்றால் நிம்மதி அடைய வேண்டாம். அந்த மேக்னெட்டோ ஆஃப் ஆகவே இல்லை, அதாவது தரையிணைப்பு வயர் அறுந்திருக்கலாம். அன்றைக்கு யாரும் புரொப்பெல்லரைத் தொடக் கூடாது.

தரையில் ஓட்டும்போது மிக்சரை (காற்றோடு கலக்கும் பெட்ரோல் அளவை) நன்றாகக் குறைத்து வையுங்கள். 100எல்எல்லில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அதிகப் பெட்ரோலில் மெதுவாக ஓடினால் கீழ்ப்பிளக்கில் ஈய மணிகள் உருளும், ஓடுபாதை முனையில் எஞ்சின் கரகரக்கும்.

ஆயில் மாற்றும் நாளில் தவறாமல் ஹாங்கருக்கு வாருங்கள். ஃபில்டரோடு சேர்த்து 8 குவார்ட், ஏறக்குறைய ஏழரை லிட்டர் சூட்டோடு வடியும். 50 மணி அல்லது 4 மாதம், எது முதலோ. 22 மணி பறந்த உங்கள் எஞ்சினுக்கு மாதக் கணக்குதான் பொருந்தும். ஃபில்டரை அதற்கான கட்டரில் வெட்டச் சொல்லுங்கள், ஹேக்ஸா பிளேடு வேண்டாம். பிளேடு உதிர்க்கும் பொடியும் எஞ்சின் உதிர்த்த பொடியும் கலந்துவிட்டால் என்ன தெரியும்? உள்ளே மடித்திருக்கும் காகிதத்தை வெட்டி வெளியே எடுத்து, சுத்தமான வெள்ளைத் துணியில் விரித்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக நொறுங்குவது கரி, பயம் இல்லை. ஊசிமுனை போல மின்னினால் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. முதல் சந்தேகம் கேம், டாப்பெட் மேல். ஒட்டாமல் வெள்ளி நிறத்தில் இருந்தால் அலுமினியம், பிஸ்டன் பின் மூடிகளைப் பார்க்க வேண்டும். மஞ்சள் கலந்தால் வெண்கல புஷ். அந்தக் காகிதத்தைத் தேதி எழுதி உறையில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை ஒப்பிட அதுதான் உதவும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது: 13 வருஷமானதை ஒப்புதல் பெற்ற பராமரிப்புத் திட்டம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று எழுத்தில். நான்கு சிலிண்டர் கம்ப்ரெஷன், நான்கு எக்ஸாஸ்ட் வால்வின் போர்ஸ்கோப் படம். ஃபில்டரை உங்கள் முன்னால் வெட்டுவது. மேக்னெட்டோ 500 மணி ஆய்வு எப்போது நடந்தது, எக்ஸாஸ்ட் வால்வு வழிகாட்டியின் தளர்ச்சிச் சோதனை எப்போது நடந்தது என்று லாக்புக் பக்கம்.

இத்தனையும் நன்றாக வந்தாலும் கேம் லோபை இவை எதுவும் காட்டாது. ஒரு சிலிண்டரைக் கழற்றினால்தான் லோபைப் பார்க்க முடியும். அதிலுள்ள ஆபத்தை லாக்புக் சார் சொல்லிவிட்டார். அதனால் நான் இப்படிச் செய்வேன். ஃபில்டரில் காந்தத்துக்கு ஒட்டும் மினுக்கம் துளி இருந்தாலும், ஓவர்ஹால் செலவு முழுவதையும் விலையில் கழித்துப் பேசுவேன். விற்பவர் மறுத்தால் ஒரு சிலிண்டர் கழற்றிப் பார்க்கும் செலவையும் திரும்ப மாட்டும் பொறுப்பையும் அவரே ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வேன். ஃபில்டர் சுத்தமாக இருந்தால், பறக்கத் தகுதி என்று உங்கள் ஏஎம்இ கையெழுத்திட்ட பிறகு 10 மணி பறந்து, மறுபடி ஃபில்டர் வெட்டி, அதன் பிறகே மீதிப் பணம்.

கப்பலூர் 172:

10 மணிக்கு அப்புறம் இரண்டாவது ஃபில்டர் என்பதை விற்பவரிடம் இன்று பேசிவிட்டோம், ஒத்துக்கொண்டார். காந்தமும் வெள்ளைத் துணியும் நாங்களே எடுத்துப் போகிறோம்.